நின்றுவிட்ட ஆம்புலன்ஸின் முதுகைக் காப்பது யார்?

2022 அக்டோபர் 5, விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு. மும்பையின் பாந்த்ரா–வோர்லி கடல்பாலத்தில் ஒரு கார் விபத்துக்குள்ளாகி நின்றது. அடிபட்டவர்களைக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது, பாலத்தின் ஊழியர்கள் வந்தார்கள், வேறு சில கார்களும் அங்கேயே நின்றன. உதவிதான் வந்துவிட்டதே, இனி பயமில்லை என்று யாருக்கும் தோன்றும் நேரம். பின்னாலிருந்து வேகமாக வந்த இன்னொரு கார், நின்றிருந்த கார்களிலும் ஆம்புலன்ஸிலும் மோதியது. 5 பேர் இறந்தார்கள். காப்பாற்ற வந்த ஊழியர்களும் அவர்களில் உண்டு.

அடுத்த ஆண்டு ஜூலை 20 அன்று அகமதாபாத்தில் ஏறக்குறைய இதே கதை. இஸ்கான் மேம்பாலத்தில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் ஒரு ஜீப், டம்பர் லாரியின் பின்னால் மோதியது. போலீஸ் வந்தது, கூட்டமும் கூடியது. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு சொகுசுக் கார் பாய்ந்தது. 9 பேர் இறந்தார்கள். ஒரு காவலரும் ஊர்க்காவல் படையைச் சேர்ந்த ஒருவரும் அவர்களில் அடக்கம்.

இரண்டு இடத்திலும் ஓட்டியவர்கள் கைதானார்கள், இரண்டு இடத்திலும் வேகம்தான் பேச்சாக இருந்தது. அது நியாயமும்கூட. ஆனால் குற்றவாளியைப் பிடித்ததோடு கேள்வி முடிந்துவிடவில்லை. ஒரு விபத்து நடந்த இடத்திலேயே, அதுவும் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றுகொண்டிருக்கும்போதே, இரண்டாவது விபத்து ஏன் நடக்கிறது? இது இந்தியாவுக்கு மட்டுமான சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் பழுதான வாகனங்களை இழுத்துச் செல்லும் தொழிலாளர்கள், போலீஸ்காரர்கள், தீயணைப்பு வீரர்கள் என்று சாலையோரத்தில் வேலை செய்பவர்களில் சராசரியாக இரண்டு வாரத்துக்கு ஒருவர் வாகனம் மோதி இறப்பதாக அங்குள்ள வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ சொல்கிறது. பழுதாகி நின்ற வண்டியை விட்டு இறங்கி நிற்கும் பொதுமக்களில் ஆண்டுக்குச் சுமார் 350 பேர் இதே மாதிரி இறக்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் என்றதும் நம் மனதில் வருவது ஓடும் ஆம்புலன்ஸ். அதன் நெற்றியில் எழுத்துகள் இடவலம் மாறி எழுதப்பட்டிருப்பது, முன்னால் போகிறவர் கண்ணாடியில் சரியாகப் படிக்கட்டும் என்றுதான். சைரன் முன்னால் போகிறவர்களை விலக்குவதற்கு. சட்டமும் அப்படித்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194E பிரிவு, அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வழிவிடுவது என்றால் பின்னால் வருகிற வண்டிக்கு ஒதுங்குவது. முன்னால் நின்றுகொண்டிருக்கும் ஆம்புலன்ஸை எப்படிக் கடப்பது என்று அந்தப் பிரிவு எதுவும் பேசவில்லை. நாம் செய்துவைத்த ஏற்பாடு எல்லாம் ஆம்புலன்ஸின் முகத்தில் இருக்கிறது. அது நின்றுவிட்டால் அடி விழுவது முதுகில்.

கண்ணுக்குத் தெரிகிறது, புத்திக்குத் தெரியவில்லை

இந்த மாதிரி மோதலில் சிக்கிய ஓட்டுநர்கள் பலர் சொல்வது, "நான் பார்க்கவே இல்லை" என்பது. கேட்பவர்களுக்குக் கோபம் வரும். அவ்வளவு பெரிய வண்டி, அத்தனை விளக்கு, பார்க்கவில்லையாம்! ஆனால் எல்லாரும் பொய் சொல்வதில்லை. வேகமாக ஓடும்போது ஒரு வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று கண்டுபிடிப்பது நாம் நினைப்பதைவிடக் கடினமான வேலை.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ஒரு லாரியின் பின்பக்க அகலம் சுமார் 2.5 மீட்டர். அது 300 மீட்டர் தள்ளி நிற்கும்போது, கையை நீட்டிப் பிடித்தால் உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலத்துக்குத் தெரியும். நீங்கள் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறீர்கள் என்று வையுங்கள், அதாவது நொடிக்கு சுமார் 28 மீட்டர். அந்த உருவம் இரண்டு மடங்காகப் பெரிதாவதற்கு 5 நொடிக்கு மேல் ஆகும். அந்த 5 நொடியில் பாதித் தூரம் போய்விட்டது, கண்ணுக்குக் கிடைத்த சேதி என்னவோ பாதி நகம் முழு நகமானது மட்டும்தான். அடுத்த இரண்டு மடங்கு இரண்டே முக்கால் நொடியில். அதற்கடுத்தது ஒன்றேகால் நொடி சொச்சத்தில். கடைசிக் கட்டத்தில்தான் உருவம் சட்டென்று ஊதிப் பெருக்கிறது, அப்போதுதான் மூளை அலறுகிறது. அந்த நேரத்தில் இடைவெளி 75 மீட்டருக்கும் கீழே.

100 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆனால் அதற்குள்ளேயே 42 மீட்டர் போயிருக்கும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றால் அதற்குப் பிறகு நிற்க இன்னும் 55 மீட்டர் போல வேண்டும். மொத்தம் 100 மீட்டருக்குப் பக்கம். மழையில் 140 வரை போகலாம். கையில் இருப்பதோ 75.

அப்படியானால் மற்ற நேரத்தில் எப்படி மோதாமல் ஓட்டுகிறோம்? நெடுஞ்சாலையில் முன்னால் தெரியும் வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம் மூளை முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கிறது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது. நீங்கள் 100-ல் போய், முன்னால் ஒரு லாரி 60-ல் போனால், 300 மீட்டர் இடைவெளியைக் கடக்க 27 நொடி கிடைக்கும். அதே லாரி நின்றிருந்தால் 11 நொடிகூடக் கிடைக்காது. தொலைவிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நின்றிருந்த போலீஸ் கார்களின் மீது வண்டிகள் மோதியதை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போலீஸ் கார் போக்குவரத்தின் திசையிலேயே நேராக நின்ற காட்சியையும், சாய்வாக நிறுத்தப்பட்ட காட்சியையும் ஓட்டுநர்களுக்குக் காட்டிப் பார்த்தார்கள். சாய்ந்து நின்ற காரை ஆபத்து என்று அனுபவசாலிகள் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். நேராக நின்றதைக் கண்டுகொள்ள அவர்களுக்கு அதிக நேரம் பிடித்தது. அனுபவம் குறைந்தவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. முப்பது வருஷ சர்வீஸ், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்கிறவருக்குச் சங்கடமான செய்திதான். அவருடைய அனுபவமே, நேராகத் தெரிகிற கார் ஓடுகிற கார் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

விளக்கு இன்னும் கொஞ்சம் பிரகாசமாக இருந்தால்?

உடனே தோன்றும் தீர்வு இதுதான். ஆனால் விளக்கு இருக்கிறது என்று தெரிவதும், அந்த வண்டி நிற்கிறது என்று தெரிவதும் வேறு வேறு. சுழல் விளக்கு அவசரம் என்று மட்டும் சொல்லும். ஓடும்போதும் அதே விளக்கு, நிற்கும்போதும் அதே விளக்கு என்றால் பின்னால் வருகிறவர் எதை வைத்துப் புரிந்துகொள்வார்? அமெரிக்கத் தீயணைப்பு வண்டிகளுக்கான என்எஃப்பிஏ 1901 தரநிலை இதற்காகவே இரண்டு நிலைகளைப் பிரித்தது. வழி கேட்டு ஓடும்போது ஒரு மாதிரி, வழியை மறித்து நிற்கும்போது ஒரு மாதிரி. நிற்கும்போது வெள்ளைப் பளிச்சு விளக்குகள் அணைந்துவிட வேண்டும். இரவில் வெள்ளை ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், அந்தக் கூச்சத்தில் பக்கத்தில் நிற்கும் மனிதர் மறைந்துபோவார் என்பது காரணம். அவர் ஒளிதிருப்பும் ஜாக்கெட் போட்டிருந்தாலும்கூடத்தான்.

பின்புறத்துக்கென்று அந்தத் தரநிலை 2009-ல் இன்னொன்றும் கேட்டது. வண்டியின் பின்பக்கத்தில் பாதிக்குக் குறையாத பரப்பில் சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்ந்த பட்டைகள் ஒட்ட வேண்டும். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள். பேட்டரி தேவையில்லை, வருகிற வண்டியின் ஹெட்லைட்டே போதும். வண்டியின் உருவம் எவ்வளவு பெரியது, எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும். நம் நெடுஞ்சாலைகளில் பழுதாகி நிற்கும் சில லாரிகளின் பின்பக்கத்தை நினைத்துப் பாருங்கள். சேறு படிந்த பலகை, எரியாத வால்விளக்கு, கிழிந்து தொங்கும் ஸ்டிக்கர். சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

விளக்கைப் பார்க்கும் ஓட்டுநர், விட்டில்பூச்சி மாதிரி அதை நோக்கியே வண்டியைத் திருப்பிவிடுகிறார் என்று ஒரு பேச்சு போலீஸ்காரர்களிடையே வெகுநாளாக உண்டு. ஆய்வாளர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. குடித்தவர், தூங்கி வழிகிறவர் விஷயத்தில் கண் போகும் பக்கம் கையும் போகலாம். மற்றவர்களுக்கு மேலே சொன்ன கணக்கே போதுமான விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இயந்திரமும் ஏமாந்தது

சரி, மனிதக் கண்தான் ஏமாறுகிறது, கேமராவும் ரேடாரும் வைத்த கார் ஏமாறாதே என்று எண்ணலாம். 2018 ஜனவரி 22 காலை, கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் 405-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு தீயணைப்பு வண்டி முந்தைய விபத்து ஒன்றைக் கவனிக்க வந்து, பாதையை மறித்து நின்றிருந்தது. அதன் பின்புறத்தில், ஓட்டுநருக்கு உதவும் ஆட்டோபைலட் என்ற தானியங்கி வசதியில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்லா மாடல் எஸ் கார் மோதியது. தீயணைப்பு வண்டிக்குள் யாரும் இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பி விசாரித்து வெளியிட்ட விவரங்கள் படிக்க வேண்டியவை. டெஸ்லாவுக்கு முன்னால் வேறொரு வண்டி போய்க்கொண்டிருந்தது. மோதலுக்கு மூன்று நான்கு நொடி முன்பு அது பாதை மாறி விலகியது. முன்னால் வழி காலியாகிவிட்டது என்று டெஸ்லா எடுத்துக்கொண்டு, ஓட்டுநர் குறித்துவைத்திருந்த வேகத்தை எட்டுவதற்காக 34 கிலோமீட்டரிலிருந்து 50-க்கு வேகத்தைக் கூட்டியது. எச்சரிக்கை ஒலி வந்தது மோதலுக்கு அரை நொடிக்கும் குறைவான நேரத்தில். தானியங்கி பிரேக் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் சாலையைக் கவனிக்காமல் இருந்ததையும், கார் அவரை அப்படி இருக்க விட்டதையும் வாரியம் குறை சொன்னது.

ரேடார் இப்படி ஏமாறுவதற்குக் காரணம், அது எதிரே உள்ள பொருள் எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்று அளக்கும் கருவி. நீங்கள் போகும் அதே வேகத்தில் ஒரு பொருள் நெருங்குகிறது என்றால் அது நிற்கும் பொருள். சாலையில் அப்படி நிற்கிறவை ஏராளம். பெயர்ப்பலகை, மேம்பாலத் தூண், தடுப்புக் கம்பி, கீழே கிடக்கும் தகர டப்பா. ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் கார் ஓட்டவே முடியாது, பின்னால் வருகிறவன் வந்து இடிப்பான். அதனால் இந்த அமைப்புகள் பலவற்றில், நிற்கும் பொருள்களின் எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கித் தள்ளும்படி மென்பொருளை எழுதினார்கள். ஒதுக்கியவற்றோடு தீயணைப்பு வண்டியும் போய்விட்டது. நம் மூளை போட்டுவைத்திருக்கும் அதே கணக்கு, இங்கே பொறியாளர்களின் கையால்.

2021 ஆகஸ்டில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், அவசர ஊர்திகள் நின்ற இடங்களில் டெஸ்லா கார்கள் மோதிய 11 விபத்துகளை வைத்து விசாரணையைத் தொடங்கியது. பெரும்பாலானவை இருட்டிய பிறகு நடந்தவை. அங்கெல்லாம் விளக்குகள், தீப்பந்தங்கள், அம்புக்குறிப் பலகை, கூம்புகள் என்று ஏதோ ஓர் எச்சரிக்கை இருந்தது. 2023 டிசம்பரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களின் மென்பொருளைத் திருத்துவதில் அது போய் நின்றது. திருத்தியது போதுமா என்று 2024 ஏப்ரலில் மறுபடியும் ஆராயத் தொடங்கினார்கள். ஓட்டுநருக்கு உதவும் இதே வகை வசதிகள் கொண்ட கார்கள் இப்போது இந்தியாவிலும் சாதாரணமாக விற்கின்றன. நிற்கும் வண்டிகளைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்ற எச்சரிக்கை இத்தகைய கார்களின் கையேட்டில் பொடி எழுத்தில் இருக்கும். ஷோரூமில் அதை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை.

கல்வர் சிட்டியில் நடந்தது மனித ஓட்டுநருக்கும் நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆம்னி பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறீர்கள். பஸ் கடைசி நேரத்தில் சடாரென்று வலது பக்கம் ஒடிக்கிறது. உங்கள் முன்னால் நின்றுபோன லாரி. இவ்வளவு நேரமும் பஸ் அதை மறைத்திருந்தது.

ஒதுங்கிப் போகச் சொல்லும் சட்டம்

1994-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஒரு துணைமருத்துவர் விபத்து இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவர் மீது வாகனம் மோதியது. விசாரித்த போலீஸ், தவறு அவருடையதுதான் என்றது. அவர் அதை விடவில்லை. சாலையோரத்தில் நிற்கும் அவசர ஊர்தியைக் கண்டால் ஒரு பாதை தள்ளிப் போக வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சட்டம் கேட்டுப் போராடினார். 1996-ல் அந்த மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து, 2012-ல் ஐம்பதாவதாக ஹவாயும் சேர்ந்தது. பிறகு பல மாநிலங்களில் இழுவை வண்டி, குப்பை வண்டி, அபாய விளக்கு போட்டு நிற்கும் சாதாரண கார் வரைக்கும் விரித்தார்கள்.

பலன்? சட்டம் நல்ல சட்டம். ஆனால் ஏஏஏ கேட்டுப் பார்த்தபோது கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியவில்லை. கண்டுகொண்ட பிறகு ஒதுங்கு என்று சட்டம் சொல்லலாம். கண்டுகொள்வதற்கு நேரம் கிடைக்க வேண்டுமே. அதைச் சட்டப் புத்தகம் தராது, சாலையில்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கல்வர் சிட்டி தீயணைப்பு வண்டி ஏன் பாதையை மறித்து நின்றது என்பதற்கு இப்போது வரலாம். வேலை செய்யும் ஆட்களுக்கும் வரும் வண்டிகளுக்கும் நடுவே, கனமான ஒரு வண்டியை வேண்டுமென்றே குறுக்கே நிறுத்துவது அங்கே வழக்கமான முறை. சாய்வாக நிறுத்தி, முன்சக்கரங்களை ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி வைப்பார்கள். யாராவது மோதினால் வண்டி உருண்டு வேறு பக்கம் போகும். அன்றைக்கு அடி வாங்கியது இரும்பு, ஆள் இல்லை. ஏற்பாடு எதற்குச் செய்தார்களோ அது நடந்தது. பாந்த்ராவில் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் அப்படி ஒரு கனமான வண்டி குறுக்கே நின்றிருந்தால் கணக்கே வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆம்புலன்ஸ் கேடயம் ஆவதற்கான வண்டி அல்ல, உள்ளே நோயாளி இருப்பார்.

நம்மிடம் இதற்கான அறிவு இல்லாமல் இல்லை. சாலை வேலை நடக்கும் இடங்களுக்காக இந்தியச் சாலைகள் பேராயம் ஐஆர்சி எஸ்பி 55 என்ற வழிகாட்டியை வைத்திருக்கிறது. முதலில் எச்சரிக்கைப் பகுதி, அடுத்து கூம்புகளைச் சாய்கோடாக வைத்துப் பாதையைக் குறுக்கும் பகுதி, அப்புறம் வேலை நடக்கும் இடம், கடைசியில் பாதை பழையபடி விரியும் பகுதி. எல்லாவற்றுக்கும் நீளம் உண்டு, வேகத்துக்கு ஏற்ப நீளம் கூடும். நாலு நாள் தார் போடுவதற்கு இவ்வளவு. நாற்பது நிமிடம் நீடிக்கும் விபத்து இடத்தில் பெரும்பாலும் காண்பது, செல்போன் டார்ச்சை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஒரு காவலரைத்தான். அந்த நாற்பது நிமிடத்தில்தான் எச்சரிக்கை குறைவு, ஆள் கூட்டம் அதிகம். ஓடிவரும் டீக்கடைக்காரர், வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பவர், படம் எடுப்பவர் எல்லாரும் ஓடும் பாதையில்தான் நிற்பார்கள். முதல் விபத்து இடத்தைச் சீக்கிரம் துப்புரவாக்குவதும் பாதுகாப்பு வேலைதான். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை காட்டும் கணக்கின்படி, தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இரண்டாவது விபத்துக்கான வாய்ப்பு 2.8 சதவீதம் கூடுகிறது.

நம் லாரி ஓட்டுநர்கள் தங்களுக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வண்டி பஞ்சர் ஆனால் பக்கத்து மரத்தில் கிளை ஒடித்து, பின்னால் கொஞ்ச தூரத்துக்குப் போட்டு வைப்பது. கிளை கிடைக்காவிட்டால் கல். கிளை மோசமில்லை, ஓடும் சாலையில் பச்சை இலை கிடந்தால் அனுபவசாலிக்கு என்ன சேதி என்று புரியும். ஆனால் இரவில் இலை தெரியாது. கல்லை எடுக்காமல் போய்விடுவார்கள், மறுநாள் பைக்கில் வருகிறவர் விழுவார். ஒளிதிருப்பும் எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால் வைத்தாலும், 100 கிலோமீட்டரில் வருகிறவருக்கு அது தருவது இரண்டு நொடிக்கும் குறைவு. விரைவுச்சாலைக்கு அது போதாது. பிரிட்டனில் மோட்டார்வேயில் முக்கோணம் வைக்கவே கூடாது என்று சாலை விதி சொல்கிறது. அதை வைக்க நடந்து போகிறவர் அடிபடுவார் என்பதால். ஸ்பெயின் இன்னும் ஒரு படி மேலே போய், 2026 ஜனவரி 1 முதல் முக்கோணத்துக்குப் பதிலாக வி16 என்ற மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கியது. உள்ளே இருந்தபடியே கையை நீட்டிக் கூரையில் ஒட்ட வைத்துவிடலாம். வண்டி எங்கே நிற்கிறது என்பதைப் போக்குவரத்துத் துறைக்கும் அது தெரிவித்துவிடும்.

2023 செப்டம்பர் 11 அதிகாலையில் திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே நடந்ததில் அவசர ஊர்தி எதுவும் இல்லை. சுற்றுலா முடித்துத் திரும்பிய வேன் பழுதாகி நின்றது. பயணிகள் இறங்கி, வேனின் முன்பக்கம் சாலை நடுவிலுள்ள தடுப்போரம் உட்கார்ந்தார்கள். லாரி வந்து வேனில் மோதியது, வேன் அவர்கள் மேல் பாய்ந்தது. 7 பெண்கள் இறந்தார்கள். நிற்கிற வண்டியை அடித்தால் அது முன்னால்தான் போகும், எனவே அதன் முன்பக்கம் ஒருபோதும் நிற்கும் இடமாகாது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. முடிந்தால் இடது ஓரத் தடுப்பைத் தாண்டி, வண்டியிலிருந்து தள்ளி, அதன் பின்பக்கமாக, அதாவது வண்டிகள் வரும் திசையில் சற்று மேலே போய் நிற்க வேண்டும். ஓரத்தில் வண்டியை நிறுத்தவே முடியாமல் நடுப் பாதையில் அணைந்துவிட்டால், முதலில் ஆட்கள் வெளியேறட்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ஐ அழைத்தால் ரோந்து வண்டி வரும், அடிபட்டவர் இருந்தால் 108.

ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு, எதிரே சுழல் விளக்கு தெரிந்தால் அது நிற்கிறது என்றே வைத்துக்கொண்டு காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிடுவது நல்லது. ஓடுகிற வண்டியாக இருந்தால் நஷ்டம் சில நொடி. பின்னால் வருகிறவருக்காக நாலு இண்டிகேட்டரையும் போட்டு, கண்ணாடியைப் பார்த்து ஒரு பாதை தள்ளி, வேகத்தைப் பாதியாக்கிக் கடந்து போகலாம். அங்கே ஏற்கெனவே உதவி வந்திருந்தால் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டியதில்லை.